ஆகாய கங்கைக்குக் கீழே சொன்னது

முப்பத்தெட்டாவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த லாரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை மறித்துக்கொண்டு நின்றது. எங்கள் டிரைவர் யார்மீதும் கோபப்படாமல் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் பின்னாலேயே பாதி பஸ் இறங்கியது. நானும் இறங்கிப் பாறை ஓரமாகக் குனிந்து, காலையில் நாமக்கல்லில் சாப்பிட்ட இட்லியைக் கொல்லிமலைக்குக் கொடுத்தேன்.

நான் பினாங்கில் பிறந்தவள். தீவுக்கும் மறுகரைக்கும் இடையே ஓடும் ஃபெரியில் அறுபது வருஷமாகப் போய் வருகிறேன். அலை எவ்வளவு தூக்கிப் போட்டாலும் ஒருநாளும் வயிற்றைப் புரட்டியதில்லை. இந்த மலை அரை மணி நேரத்தில் என்னை உட்கார வைத்துவிட்டது.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்த அம்மாள் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் திணித்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். மூச்சு கொஞ்சம் சீரானதும், எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அது கெடக்குதுங்க. இங்க மேல எந்த நாடுன்னு கேட்டனுங்க.”

மலைமேல் நாலைந்து சிற்றூர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு என்று அவர்தான் விளக்கினார். வாழவந்தி நாடு, ஆலத்தூர் நாடு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனார். ஒரே மலையில் இத்தனை நாடா என்று வியந்தபடி கைப்பையிலிருந்த, நான் தேடி வந்தவரின் பழைய பாஸ்போர்ட் நகலை எடுத்துப் படித்தேன். தேவனூர் நாடு என்று இருந்தது. அங்கே யார் வீடு என்று கேட்டார். செல்லமுத்து, மலேசியாவில் சமையல் வேலை பார்த்தவர் என்றேன்.

“கடையக் கொளுத்திப்புட்டு வந்தானே, அவனுங்களா?”

தலையை மட்டும் ஆட்டினேன். அந்த வார்த்தை என்னுடையது. கடல் தாண்டி எனக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்திருந்தது.

பினாங்கில் படகுத்துறைக்கு நடந்துபோகும் தூரத்தில் எனக்கு ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது. கணவர் ஆரம்பித்தது, அவர் போனபிறகு நான் நடத்துகிறேன். செல்லமுத்து அங்கே ஒன்பது வருஷம் சமைத்தான். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வீசுவதிலிருந்து மீன் தலைக் குழம்பு வரை எல்லாமே அவன் கைதான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். எத்தனை பேர் இருந்தாலும் தினமும் கடைசியாக அடுப்படிக்குப் போய் எரிவாயுவை மூடிவிட்டு வருகிறவன் அவன்.

போன வருஷம் ஒரு விடியற்காலையில் அந்த அடுப்படி எரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஒரு சுவரும் கூரையில் பாதியும் போயின. தெருவில் கூட்டம் நிற்க, கரியும் தண்ணீருமாக இருந்த தரையில் நின்றுகொண்டு, அடுப்பை அணைக்காமல் போய்க் கடையைக் கொளுத்திவிட்டான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். இல்லை என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். அடுத்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டேன். காரணம் கேட்ட, அவனை வேலைக்கு அனுப்பிவைத்த ஏஜெண்டிடமும் அதே வார்த்தையைச் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்துச் சுவரைப் புதுப்பிக்க வந்த ஒயர்மேன், குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பிரித்துக் காட்டினார். உள்ளே எல்லாம் உருகிக் கட்டியாகிக் கிடந்தது. தீ இங்கேதான் கிளம்பியிருக்கிறது, அடுப்புப் பக்கம் ஒன்றுமே இல்லை என்றார். அந்தப் பிளக் சூடாகிறது என்று செல்லமுத்து என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தான். தீபாவளி போகட்டும், பார்க்கலாம் என்று நான் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கே அவனுக்குப் போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவன் ஊர் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பாஸ்போர்ட்டில் இருந்த இரண்டு வரிதான்.

லாரி ஒருவழியாகத் திரும்பியது. டிரைவர் வந்து ஏறினார். மீதி முப்பத்திரண்டு வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். எலுமிச்சம்பழம் தந்த அம்மாள் அதற்குப்பின் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்று செம்மேட்டில் ஒரு விடுதியில் தங்கினேன். மலையின் கடைவீதி அது. எதிரே இருந்த மெஸ்ஸில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கிடைத்தன. அரிசிச் சோற்றை விடக் கொஞ்சம் சொரசொரப்பு. நன்றாக இருந்தது என்று பரிமாறியவரிடம் சொன்னேன். இங்கே அரிசிச் சோறுதான் விருந்து என்றார் அவர். டவுனிலிருந்து வருகிறவர்கள்தான் சாமையைத் தேடிச் சாப்பிடுகிறார்களாம்.

மறுநாள் காலை தேவனூர்ப் பக்கம் போக வேண்டிய பஸ் வரவில்லை. எப்போது வரும் என்று டீக்கடையில் கேட்டேன். வந்தால் வரும் என்றார்கள். கடைசியில், மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து மேலே வந்திருந்த ஒரு பாய் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். இங்கே அந்தச் சின்னச் சரக்கு வண்டிக்குக் குட்டியானை என்று பெயர். பின்னால் காலிச் சாக்குகள். முன்னால் அவரும் நானும். உங்கள் நாட்டில் மிளகு எப்படி என்று விசாரித்தார். ஒரு காலத்தில் பினாங்கு தீவிலும் மிளகுத் தோட்டம் இருந்ததாம், இப்போது வீடுகள்தான் முளைக்கின்றன என்றேன். என்ன வேலையாக வந்தீர்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அருவி பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

செல்லமுத்துவின் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து, அவன் மனைவி வசந்தா மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். செல்லமுத்துவின் போனில் எத்தனையோ தடவை முகம் பார்த்துப் பேசியிருக்கிறோம். புதுச் சேலை கட்டினால்கூட எனக்குக் காட்டுவாள். இப்போது நிமிர்ந்து பார்த்து, வாங்க என்றாள். அக்கா என்ற சொல் வரவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டாள். வெல்லம் போட்ட கடுங்காப்பி கொண்டுவந்து தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

“அவரு ஊர்ல இருக்கறதில்லீங்க. கோயில்கிட்ட, அருவிக்கு எறங்கற எடத்துல கட போட்டிருக்காரு. அங்க போய்ப் பாருங்க.”

அவ்வளவுதான். மறுபடி குனிந்து மிளகைத் துழாவ ஆரம்பித்துவிட்டாள். பாய் அடுத்த வீட்டில் மூட்டை கட்டி முடித்திருந்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டவர்போல, கோயில்வரை கொண்டுவிடுவதாகச் சொன்னார்.

அறப்பளீஸ்வரர் கோயிலைத் தாண்டியதும் ஆகாய கங்கைக்கு இறங்கும் படிக்கட்டு தொடங்குகிறது. அதற்கு முன்னால் வரிசையாகக் கடைகள். அன்னாசித் துண்டு, மலை வாழைப்பழம், மிளகுப் பொட்டலம், முடவாட்டுக்கால் சூப். ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோடு இருக்கும் ஒரு கிழங்கு அது. மூட்டுவலிக்கு நல்லது என்று எழுதி வைத்திருந்தார்கள். நாலாவது கடையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே செல்லமுத்து நின்று சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். ஆற்றும் கை மட்டும் அப்படியே இருந்தது, எங்கள் கடையில் தே தாரிக் என்கிற நுரைத் தேநீரை ஆற்றிய அதே உயரத்தில்.

என்னைப் பார்த்தான். சூப் கேட்டு நின்ற மூன்று பேருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாலாவதாக ஒரு டம்ளரை என்னிடம் நீட்டினான்.

“ஆகாய கங்கையப் பாக்க வந்தீங்களாக்கா?”

ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியத்துக்கு அது இடமில்லை. சுற்றிலும் ஆட்கள். “ஆமா முத்து” என்று சொல்லிவிட்டேன்.

இத்தனை தூரம் வந்து அப்படி ஒரு பொய். அதைச் சொன்னபிறகு இறங்காமல் இருக்க முடியுமா? மூன்று மணிக்கு மேல் கீழே விடமாட்டார்கள், இப்போதே இறங்கினால்தான் ஆகும் என்றான். பிறகு என் முழங்காலைப் பார்த்தான். நான் சூப்பைக் குடித்து முடித்ததும், பக்கத்துக் கடையில் கொய்யாப்பழம் விற்ற அம்மாளிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அடுப்பை முழுசாக அணைத்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னான். எனக்கு எதிரிலேயே குனிந்து, குழாயை மூடி, இன்னொரு தடவை திருகிப் பார்த்தான்.

ஆயிரத்துக்கு மேல் படி என்கிறார்கள். எண்ண முடியவில்லை. படிகள் ஒரே அளவாக இல்லை. சில இடங்களில் முழங்கால் உயரம். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறக்கினேன். செல்லமுத்து எனக்கு ஒரு படி முன்னால், பக்கவாட்டில் திரும்பி இறங்கினான். கையைப் பிடிக்கவில்லை. நான் சரிந்தால் அவன்மேல்தான் விழவேண்டும், அப்படி ஒரு இடைவெளி.

எதிரே ஏறிவந்த பெங்களூர்க் குடும்பம் ஒன்று பாதி வழியில் உட்கார்ந்திருந்தது. அப்பாவிடம் மகள் கன்னடத்தில் ஏதோ கேட்டாள். சிரித்துக்கொண்டே அவர் பதில் சொன்னார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். மலைக்கு வருகிற எல்லாருடைய பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் வந்துவிட்டது செல்லமுத்துவுக்கு. ஏறி வந்த அளவு இன்னும் ஏறணுமா என்று பெண் கேட்கிறது, இறங்கும்போதே இதை யோசித்திருக்கணும் என்கிறார் அப்பா என்றான்.

படி அகலமாகும் ஒவ்வொரு இடத்திலும் நின்று மூச்சு வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் எதையாவது விசாரிப்பான். கல்லாவில் உட்காரும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா, படகுத்துறையில் மீன்காரர் இன்னும் வருகிறாரா, புதுச் சமையல்காரர் எந்த ஊர். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்தத் தீயைப் பற்றி அவனும் கேட்கவில்லை. கடையை இன்னும் நடத்துகிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. நடத்துகிறேன் என்று அவனுக்கு நிச்சயம்.

சத்தம் முதலில் வந்தது. பிறகு ஈரக் காற்று. கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகி, பாறை முழுக்க வெள்ளையாக ஆகாய கங்கை விழுந்துகொண்டிருந்தது. பினாங்கில் சாயங்காலமானால் படகுத்துறைப் பக்கம் ஒரு நடை போய்க் கடலைப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஊரே வந்து நிற்கும். அந்தத் தண்ணீர் எப்போதும் படுத்திருக்கும். இது எழுந்து நின்றது. பத்தடி தள்ளி நின்றபோதே கண்ணாடியெல்லாம் நனைந்துவிட்டது. குளிக்கிறவர்கள் வாயை அகலத் திறந்து கத்துவது தெரிந்தது. ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

ஏனோ அந்த இடத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. செல்லமுத்து பக்கம் திரும்பிச் சொன்னேன். அவன் காதில் கையை வைத்து, என்ன என்று சைகை காட்டினான். மறுபடி சொன்னேன். தலையை ஆட்டி, இன்னும் பக்கத்தில் வந்தான். மூன்றாவது தடவை, கல்லாவிலிருந்து அடுப்படிக்குக் குரல் கொடுப்பதுபோல, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“தீ உன்னால பிடிக்கல முத்து. பிளக்குல பிடிச்சது. நீ ரெண்டு தடவ சொன்ன. நான்தான் கேக்கல.”

பக்கத்தில் துண்டு பிழிந்துகொண்டிருந்த ஒருவர் எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். செல்லமுத்து அதை வாங்கித் திறந்து என்னிடம் கொடுத்தான். நான் குடிக்கும்வரை அருவியையே பார்த்தான். பிறகு, வானத்தைக் காட்டி, மழை வரும்போல இருக்கிறது, ஏறலாம் என்றான்.

நூறு படியாவது ஏறியிருப்போம். சத்தம் கீழே போகப் போக எங்கள் மூச்சு கேட்க ஆரம்பித்தது. ஒரு திருப்பத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் நின்றான்.

“எனக்கு அன்னைக்கே தெரியுமுங்கக்கா” என்றான். “ஒம்பது வருசம் நாந்தான் மூடுனேன். அன்னைக்கும் மூடுனேன். அது என் கைக்குத் தெரியாதுங்களா?”

நான் கொண்டுவந்ததைச் சொன்னேன். திரும்ப வா, பெர்மிட்டுக்கு எல்லாக் காகிதமும் தயாராக இருக்கிறது, கடையில் வேலை செய்கிற எல்லோரையும் கூட்டிவைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். ஆனால் வேலைக்குத் திரும்ப வரவில்லை என்றான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மலேசியாவுக்குப் போவதற்கு முன்னால், தேவனூர் நாட்டில் பெரிய கல்யாணம் எதுவானாலும் செல்லமுத்துதான் சமையல். திரும்பி வந்தபிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. பந்தலுக்குப் பக்கத்தில் அவனை எப்படி அடுப்பு மூட்ட விடுவது என்று நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். கடையைக் கொளுத்தினவன் என்று விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தது பெயராக ஒட்டிக்கொண்டது. வசந்தா எங்கும் போவதை நிறுத்திவிட்டாள். அதனால்தான் ஊருக்குள் இல்லாமல், முகம் தெரியாதவர்கள் வந்துபோகும் இந்த இடத்தில் கடை போட்டிருக்கிறான். இதையெல்லாம் எட்டு, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்று சொன்னான்.

“அங்க சொன்னீங்க, சரிங்க. இங்கயும் வந்து சொல்லுங்கக்கா. எங்கூர்ல.”

ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நான் தயாராகி வந்திருந்தேன். ஓர் ஊருக்கு முன்னால் நிற்பதைப் பற்றி யோசித்ததே இல்லை. நாளை கிளம்ப வேண்டுமே என்றேன். அது முழுப் பொய்யில்லை. மாற்ற முடியாத விஷயமும் இல்லை. அவன் ஏற ஆரம்பித்தான். இறங்கும்போது எனக்கு முன்னால் பக்கவாட்டில் நடந்தவன், இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு போனான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஏறுவது படியை விடக் கஷ்டமாக இருந்தது. பத்துப் படி பொறுத்தேன்.

“எப்போ?” என்று கேட்டேன்.

மறுநாள் சாயங்காலம், ஊர்க்கவுண்டர் மகள் கல்யாணத்துக்கு வேலை பிரிக்க எல்லோரும் அவர் வீட்டு வாசலில் கூடுவார்கள், அப்போது வந்தால் போதும் என்றான்.

ஊர்க்கவுண்டர் என்பவர் அந்தச் சிற்றூரின் நல்லது கெட்டதுக்கு முன்நிற்பவர். ஐம்பது வயதிருக்கும். பைக்கில் வந்து இறங்கினார். முப்பது பேர்வரை இருந்தார்கள். பந்தல் யார், தண்ணீர் லாரி யார் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. செல்லமுத்து ஓரமாக நின்றான். வசந்தாவும் வந்திருந்தாள். மலேசியாவிலிருந்து வந்த அம்மா ஏதோ சொல்ல வேண்டுமாம் என்று அவன் அறிமுகப்படுத்தியதும் பேச்சு நின்றது.

நான் எழுந்து நின்று சொன்னேன். தீ எப்படிப் பிடித்தது, முன்கூட்டியே யார் எச்சரித்தது, யார் காதில் வாங்கவில்லை, பழியை யார்மேல் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் தமிழ் அவர்கள் காதுக்குப் புதுசாக இருந்திருக்க வேண்டும். சிலர் முகத்தைச் சுருக்கிக் கூர்ந்து கேட்டார்கள். தப்பு என்னுடையது, செல்லமுத்து மேல் ஒரு குற்றமும் இல்லை என்று முடித்துவிட்டு உட்காரப் போனேன்.

“ஒண்ணு கேக்கணுமுங்க” என்றாள் வசந்தா. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் என்னை மட்டும் பார்த்தாள். “ஒம்பது வருசம் கூட இருந்தவரு இல்லைன்னு சொன்னாரு. நீங்க நம்புல. ஒரு நாள் வந்த ஒயர்மேன் சொன்னாரு. நம்புனீங்க. அது ஏனுங்க?”

 ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். தெரியவில்லை வசந்தா என்றேன். பயமாக இருந்திருக்கலாம், என் மேல் தப்பு இருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தே இருந்திருக்கலாம். இதை எழுதும்போதும் அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. அவள் என் பதிலை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இடம் விட்டு நகர்ந்து, அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

 பிறகு ஊர்க்கவுண்டர் செல்லமுத்து பக்கம் திரும்பினார்.

“சமையலுக்கு ராசிபுரத்துல ஒரு ஆளக் கேட்டிருக்கறம். இன்னும் முடிவு பண்ணுல. நீ பாத்துக்கறயா சாமி?”

இத்தனை மாதம் காத்திருந்த கேள்வி. உடனே சரி என்பான் என்று நினைத்தேன். செல்லமுத்து அவசரப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஒருமுறை எல்லோரையும் பார்த்தான்.

“யோசிச்சுச் சொல்றனுங்க.”

கவுண்டர் தலையை ஆட்டினார். பேச்சு மறுபடி தண்ணீர் லாரிக்குப் போனது.

நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அவர்கள் இருவரும் முன்னால். முழங்கால் வலியோடு நான் பின்னால். என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊர்க்கவுண்டர் வீடு கண்ணுக்கு மறைந்ததும், செல்லமுத்து மனைவியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“பெரிய அண்டா இப்ப யாரூட்ல இருக்குது?”